முப்பத்தெட்டு வளைகள்

ஜூலை 3

மொழி வகுப்பு டீச்சர் தினமும் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார், அதுவும் ஸ்லோவாக் மொழியில். எனக்கு அந்த மொழியில் "என் பெயர் அருள்மொழி, எனக்கு ஒரு ரொட்டி வேண்டும்" என்பது வரைதான் வரும். அதற்கு மேல் எழுத வேண்டுமென்றால் தமிழ்தான். டீச்சர் படித்துப் பார்க்கப் போவதில்லை. ஆகவே தைரியமாக எழுதுகிறேன்.

இந்த ஸ்லோவாக்கியாவுக்கு வந்து ஏழு மாதமாகிறது. கணவர் குணசீலனுக்குக் கார் தொழிற்சாலையில் வேலை. எனக்குச் சம்பளமில்லா விடுப்பும் ஜன்னலும். ஜன்னலில் பார்த்தால் எதிர்வீட்டு ஜன்னல் தெரியும்.

இன்று நூலகத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். படத்தில் அணில் மாதிரி ஒன்று, ஆனால் முதுகில் கோடில்லை, வாலும் குட்டை. பின்னங்காலில் நிமிர்ந்து நின்று இரண்டு கைகளையும் வயிற்றில் வைத்திருந்தது. பேர் சிசெல். மரமேறாத தரை அணில். மண்ணுக்குள் வளை தோண்டி வாழும். அழிந்துகொண்டே வருவதால் வேறோர் இடத்திலிருந்து கொண்டுவந்து இந்த ஊர்ப் புல்வெளியில் குடியேற்றப் போகிறார்களாம். தன்னார்வலர்கள் தேவை என்று இங்கிலீஷிலும் போட்டிருந்தது.

படிவத்தில் "கொறிக்கும் விலங்குகளோடு அனுபவம்?" என்று ஒரு கேள்வி. "பதினோரு வருடம்" என்று எழுதிக் கொடுத்தேன். என்ன மாதிரி அனுபவம் என்று கேட்கவில்லை. கேட்காததை எதற்குச் சொல்வானேன்.

ஜூலை 4

குணசீலன் சிரித்த சிரிப்பில் குழம்பு புரை ஏறிவிட்டது.

"மன்னார்குடி வட்டாரத்துல எலின்னு ஒண்ணு பொறந்தா அதுக்கு மொதல்ல ஒன் பேரத்தான் சொல்லிப் பயமுறுத்தும் அதோட அம்மா. நீ போயி அதுக்கு ஊழியம் பண்ணப் போறியா?"

"அது எலி இல்லைங்க. தரை அணிலு."

"வளைக்குள்ள இருக்குல்ல? தானியம் திங்குதுல்ல?"

"நீங்களுந்தான் வீட்டுக்குள்ள இருக்கீங்க, சோறு திங்குறீங்க. அதுக்காக ஒங்கள எலின்னு சொல்ல முடியுமா?"

அவர் சொல்வதும் உண்மைதான். உதவி வேளாண்மை அலுவலராகப் பதினோரு வருடம். விதை, உரம், பயிர்க் காப்பீடு எல்லாம் பார்த்தேன். ஆனால் பேர் வாங்கியது எலி ஒழிப்பில். மூங்கில் கிட்டி வைத்துப் பிடித்து, வாலை வெட்டி, கட்டுக் கட்டாக எண்ணுவோம். ஒரு சம்பா பருவத்தில் எங்கள் வட்டாரத்து வால்கள் நாற்பதாயிரம். பாராட்டுச் சான்றிதழ் அம்மா வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

ஜூலை 12

திட்டத்தை நடத்துகிறவர் ஜுஜானா. ஐம்பத்தைந்து வயது இருக்கும். நரைத்த முடியை ரப்பர் பேண்டில் கட்டிக்கொண்டு, சட்டைப் பையில் எப்போதும் ஒரு அளவுகோல். அவர் பேசும் இங்கிலீஷும் நான் பேசும் இங்கிலீஷும் சேர்ந்தால் ஒரு முழு இங்கிலீஷ் ஆகும்.

இடம், ஊருக்கு வெளியே பழைய விமானத் திடல். எஞ்சின் இல்லாத குட்டி விமானங்கள் முன்பு இறங்குமாம். இப்போது காற்றின் திசை காட்டும் காற்றுப்பை கட்டிய கம்பம் மட்டும் நிற்கிறது. ஒரு காலத்தில் ஆடுகள் மேய்ந்து புல் குட்டையாக இருந்தவரை சிசெல்கள் இங்கே ஏராளம். ஆட்டை விற்றார்கள், புல் இடுப்பளவு வளர்ந்தது, நிமிர்ந்து நின்று பார்த்தாலும் பருந்து வருவது தெரியவில்லை, ஒவ்வொன்றாகப் போய்விட்டன. அவ்வளவுதான் கதை. சுடவும் இல்லை, விஷம் வைக்கவும் இல்லை. புல்லை வெட்டாமல் விட்டார்கள்.

நான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன்.

"பதினோரு வருஷ அனுபவம் உள்ள ஒருத்தர் கிடைப்பார்ன்னு நான் எதிர்பார்க்கவே இல்லை" என்று ஜுஜானா என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு உடனே தண்ணீர் தாகம் எடுத்தது.

ஜூலை 19

ஐம்பத்திரண்டு பேர் வந்து இறங்கினார்கள். எண்பது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு திடலில் பிடித்து, ஆளுக்கொரு கம்பிக் கூட்டில். குணசீலனும் லீவு போட்டுவிட்டுக் கூடு தூக்க வந்தார். வேடிக்கை பார்க்கத்தான் வருகிறேன் என்றவர், முதல் கூட்டைத் தூக்கியதும் அதன் மேல் துண்டை விரித்து நிழல் செய்துகொண்டு நடந்தார்.

தரையில் மண் துளைப்பானால் சாய்வாகத் துளை போட்டு வைத்திருந்தோம், முழங்கை நீளத்துக்கு மேல். அதற்குள் விட்டு, துளை வாயில் ஒரு கொத்துப் புல்லைச் செருக வேண்டும். உள்ளே இருட்டில் பயம் தெளிந்து, அதுவாகத் தோன்றும்போது புல்லைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். உடனே திறந்துவிட்டால் மிரண்டு ஓடிப் போய்விடுமாம்.

புது வீடு புகுகிறவர்களுக்கு ஒன்றும் செய்யாமல் எப்படி என்று ஒவ்வொரு துளை வாயிலும் கொஞ்சம் சூரியகாந்தி விதை வைத்தேன். ஜுஜானா அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். இந்திய முறை என்று நினைத்திருப்பார்.

ஜூலை 20

நாற்பத்தொன்பது துளைகளில் புல் வெளியே கிடக்கிறது. விதை ஒன்றுகூட மிச்சமில்லை.

ஆகஸ்ட் 9

புல் வெட்டி வெட்டித் தோள்பட்டை கழன்றுவிட்டது. இந்த ஊர் அரிவாள் ஆளுயரத்துக்கு இருக்கிறது. குனியாமல் நின்றபடியே வீசலாம். நம் ஊர்ப் பெண்களுக்கு இதை யாரும் காட்டவில்லையே என்று வயிற்றெரிச்சலாக இருந்தது. ஜுஜானா அளவுகோல் வைத்துப் புல் உயரம் பார்ப்பார். நான் கையை விரித்து வைத்துப் பார்ப்பேன். ஒரு சாணுக்கு மேல் போனால் வெட்டு. இப்போது அவரும் அளவுகோலைப் பையிலேயே வைத்துவிட்டுக் கையை விரிக்கிறார்.

அடுத்த கிராமத்து யோஜெஃப் வாரத்துக்கு மூன்று நாள் ஆடு ஓட்டிவர ஒத்துக்கொண்டிருக்கிறார். நூற்றிருபது ஆடு. "ஆட்டுக்குப் புல்லு, அணிலுக்கு வெட்டவெளி, எனக்கு உங்க சோறு" என்றார். என் புளிசாதத்துக்காகத்தான் வருகிறார் என்பது குணசீலனின் கட்சி.

மதியம் பருந்து வந்தது. ஒரு சிசெல் விசிலடித்தது. குக்கர் விசில் மாதிரி ஒன்றுதான், நீளமாக. கண்ணை மூடித் திறப்பதற்குள் திடல் காலி. நானும் ஏன் குனிந்து உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 30

ஒவ்வொருவராகத் தூங்கப் போய்விட்டார்கள். வளையை வாய்க்குக் கீழே ஆழத்தில் உள்ளிருந்தே மண்ணால் அடைத்துக்கொண்டு மார்ச் வரை தூக்கம். கடைசியாக ஒருவர் மட்டும் வெளியே நின்றுகொண்டிருந்தார். தொந்தியும் முறைப்புமாக, யாருக்கோ பட்டா தர மறுப்பதுபோல. மணியக்காரர் என்று பேர் வைத்திருந்தேன். இன்று அவரும் இல்லை.

இனி ஆறு மாதம் எனக்கு வேலையில்லை. நல்லதுதான். வீட்டு வேலை நிறையக் கிடக்கிறது.

நவம்பர் 16

காய்கறி வாங்கப் பேருந்தில் போனேன். திடல் வழியாகப் போகும் பேருந்து.

ஜனவரி 14

மைனஸ் பதினேழு. காய்கறி வாங்கப் போனேன்.

"திடலுக்கு எதிர்ல எந்தக் கடையில காய் விக்கிது?" என்று கேட்டார் குணசீலன். காதில் விழாததுபோல் இருந்துவிட்டேன். பனி முழங்கால் வரை கிடந்தது. அதற்குக் கீழே ஒரு மீட்டர் ஆழத்தில் உடம்பு சில்லிட்டு, நிமிடத்துக்கு ஏழெட்டு முறை மட்டும் இதயம் துடிக்க, சுருண்டு கிடப்பார்களாம். நான் வாய்விட்டு ஏதோ சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறேன். பேருந்து ஓட்டுநர் ஹாரன் அடித்துக் கூப்பிட்டார்.

மார்ச் 31

மூன்று பேர் எழுந்தாயிற்று! தூரத்தில் பார்த்தோம். ஜுஜானாவும் நானும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். பிறகு மழை பிடித்துக்கொண்டது.

ஏப்ரல் 19

மழை விடவேயில்லை. குளிர் வேறு. இந்த மாதிரி நாளில் சிசெல் வெளியே தலைகாட்டாது. இதுவரை பார்த்தது அதே மூன்று பேர்தான்.

இன்று ஜுஜானா முகம் சரியில்லை. திடல் குத்தகை நிலம். இந்த மாத முடிவுக்குள் குறைந்தது இருபது உயிர் இருப்பதை மாவட்ட அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் குத்தகை நீளும். இல்லையென்றால் மே மாதம் மொத்தத்தையும் உழுது மக்காச்சோளம் போட்டுவிடுவார்கள். உள்ளே உயிர்கள் இருக்க, மேலே டிராக்டர்.

"திடல்ல வளை வாய் முப்பத்தெட்டு இருக்கே?" என்றேன்.

"போன வருஷத்து வாயா, இந்த வருஷத்து வாயான்னு கேட்பார். மழையில எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. குளிர்காலத்துல பாதிக்கு மேல செத்துப்போறதும் உண்டு, அருள்."

வீட்டுக்கு வந்து பாத்திரம் எல்லாவற்றையும் இரண்டாம் முறை கழுவினேன்.

ஏப்ரல் 26

அதிகாரி நாளை மறுநாள் காலை ஏழு மணிக்கு வருகிறார். மழை விட்டிருக்கிறது, வெயில் இல்லை.

ஏப்ரல் 27

தலைவலி. எழுத ஒன்றுமில்லை. பூட்ஸைக் கழுவி வைத்தேன்.

ஏப்ரல் 28

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன். நேற்று எழுதக் கை வரவில்லை.

மாலை ஐந்து மணிக்குத் திடலை ஒரு சுற்றுப் பார்த்துவரத் தனியாகப் போயிருந்தேன். அம்மா போனில் கூப்பிட்டது. ஊரில் உளுந்து நிற்கிறதாம், வரப்பெல்லாம் எலியாம்.

"ஏண்டி அருளு, நீ இருந்தவரைக்கும் ஒரு எலி வாலாட்டுனது உண்டா? இப்ப வந்துருக்க ஆபீசரு வரப்புலயே எறங்க மாட்டேங்குறாரு. வெள்ள செருப்பு போட்டுக்கிட்டு வர்றாரு."

"கிட்டி வைக்கச் சொல்லும்மா."

"யாரு வைக்கிறா? எல்லாம் போன நோண்டிக்கிட்டு நிக்கிதுங்க. ஒவ்வொரு வளையும் என் கையி உள்ள போற மாதிரி கெடக்கு..."

அம்மா பேசப் பேச நான் நடந்துகொண்டே இருந்தேன். மனசு முழுக்க எங்கள் வரப்பில். பேசி முடித்துத் திரும்பிப் பார்த்தால் திடலில் ஒரு வளையைக்கூடக் காணோம்.

அத்தனையையும் அடைத்திருந்தேன். வரப்பில் நடக்கும்போது வளையைக் கண்டால் குதிகாலால் பக்கத்து மண்ணைத் தள்ளி, ஒரு மிதி மிதித்துவிட்டுப் போவோமே, அதேதான். தண்ணீர் ஒழுகிவிடும் என்று பாவாடை கட்டிய வயதில் பழகிய கால். முப்பத்தெட்டு இடத்திலும் என் ரப்பர் பூட்ஸின் அச்சு, அச்சுப் பிசகாமல்.

கையால் தோண்டித் திறக்கலாமா என்று மண்டியிட்டேன். ஆனால் தோண்டினால் வாய் இடிந்துவிடும், உள்ளே சினையாக இருக்கும் என்று ஜுஜானா நூறு தடவை சொல்லியிருக்கிறார். பிறகு மூளை வேலை செய்தது. எலி எத்தனை இருக்கிறது என்று அறிய வயலில் நாங்கள் வேண்டுமென்றே செய்வது இதைத்தானே? மாலையில் எல்லா வளையையும் அடைத்துவிட்டு விடிந்ததும் போய்ப் பார்ப்போம். உயிர் இருக்கும் வளை திறந்திருக்கும். இவையும் திறக்காமலா போகும்? காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். தலைவலி என்றதும் குணசீலன் ரசம் வைத்துக் கொடுத்தார். அவரிடமும் சொல்லவில்லை.

இன்று விடியற்காலையே போனேன். ஒரு வளைகூடத் திறக்கவில்லை. முப்பத்தெட்டும் அடைத்தது அடைத்தபடி. என் கால் அச்சின் மேல் பனித்துளி உட்கார்ந்திருந்தது.

வயலில் இப்படிப் பார்த்தால் கைதட்டுவோம், வட்டாரமே சுத்தம் என்று. இங்கேயோ ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். குளிரில் செத்தார்களா, நான் மூச்சை அடைத்துக் கொன்றேனா என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் இது நாற்பதாயிரத்தோடு சேரும் என்று நினைத்தேன். அழுகை வந்தது.

ஏழு மணிக்கு ஜுஜானாவும் அதிகாரி ஓந்த்ரேயும் வந்தார்கள். அதிகாரி ஒட்டடைக் கம்பு மாதிரி உயரம், கையில் அட்டைப் பலகை. அவர் ஒரு அடைப்பைப் பார்த்தார், இன்னொன்றைப் பார்த்தார், பிறகு என் பூட்ஸைப் பார்த்தார்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கால் பழக்கத்தை, அம்மா போனை, வயலில் அடைத்து எண்ணும் முறையை. திறந்த வாய் மூடாமல் பதினோரு வருட அனுபவம் என்பது என்ன அனுபவம் என்பதையும் சொன்னேன். கிட்டி, மருந்து, வால்கட்டு, சான்றிதழ் வரை. ஜுஜானா குனிந்து ஒரு அடைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அப்படியானால் எண்ணிக்கை பூஜ்யம்" என்றார் ஓந்த்ரே.

ஜுஜானா நிமிர்ந்தார். "அருள், உங்க ஊர் எலி எப்போ வெளியே வரும்?"

"ராத்திரியில."

"சிசெல் ராத்திரியில வருமா?"

போன ஜூலையிலிருந்து பார்க்கிறேன், பொழுது சாய்ந்தால் ஒன்றுகூட வெளியே இருந்ததில்லை. பகலில் வாழும் பிராணி. குளிர்ந்த நாளில் வெயில் முதுகில் பட்டால்தான் படுக்கையை விட்டே எழும். விடியற்காலையில் போய் எலிக்குப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு ஒப்பாரி வைத்திருக்கிறேன்.

"ஐயா, மத்தியானம் வரைக்கும் இருங்க" என்று ஓந்த்ரேயிடம் கேட்டேன். "ஏழு மணிக்கு எல்லாம் மூடிக் கிடந்ததை நீங்களே பார்த்தீங்க. ஒவ்வொண்ணு மேலயும் என் பூட்ஸ் அச்சு இருக்கு. அச்சு உடைஞ்சா உள்ளே உயிர் இருக்குன்னுதானே அர்த்தம்?"

அவர் காரிலிருந்து மடக்கு நாற்காலியும் பிளாஸ்க்கும் எடுத்து வந்து உட்கார்ந்தார். பன்னிரண்டு மணி வரை, அதற்கு மேல் ஒரு நிமிடம் கிடையாது என்றார்.

எட்டு. ஒன்பது. மேகம். குணசீலன் தொழிற்சாலையிலிருந்து போன் செய்து, "என்ன ஆச்சு?" என்றார். சொன்னேன். "ரசத்துக்கு முன்னாடியே சொல்லியிருந்தா நானும் கவலப்பட்டுருப்பேன்ல? ஒண்டியா பட்டுருக்க. வர்றேன் இரு" என்று வைத்துவிட்டார்.

பத்தே காலுக்கு மேகம் கிழிந்தது. வெயில் திடலின் கிழக்கு ஓரத்தில் விழுந்து மெல்ல எங்கள் பக்கம் நகர்ந்தது.

இருபது அடி தூரத்தில் ஒரு பூட்ஸ் அச்சு நடுவில் விரிசல் விட்டது. மண் துளித் துளியாகப் புடைத்தது. பிறகு ஒரு மூக்கு, மூக்கில் ஒரு உருண்டை மண். தும்மியது. முழுசாக வெளியே வந்து, நிமிர்ந்து, கையை வயிற்றில் வைத்து எங்களை ஒரு முறை முறைத்தது. மணியக்காரரா என்று பார்த்தேன். இல்லை, மெலிந்த யாரோ ஒருத்தி. யாராக இருந்தால் என்ன! நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன், கத்திவிடுவேன் என்று.

இரண்டு, ஐந்து, ஒன்பது. சிலர் வெளியே வந்தார்கள், சிலர் அடைப்பை மட்டும் தள்ளிவிட்டு மறுபடி உள்ளே போனார்கள். ஓந்த்ரே கண்டிப்பான ஆள். மூன்று தப்படிக்குள் இரண்டு வாய் திறந்திருந்தால் ஒரே வீடு என்று கழித்துக்கொண்டே போனார். பதினொன்றரைக்குப் பதினெட்டு. மேகம் மறுபடி கூடியது, தூறல் விழுந்தது. குணசீலன் தொழிற்சாலைச் சட்டையோடு ஓடிவந்து என் பக்கத்தில் நின்றார்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். ஓந்த்ரே எழுந்து நாற்காலியை மடக்கினார். முடிந்தது என்று நினைத்தேன். அவரோ நாற்காலியைக் கீழே போட்டுவிட்டு, காற்றுப்பைக் கம்பத்துப் பக்கம் நீளக் காலால் ஓட்டமும் நடையுமாகப் போனார். அங்கே குனிந்தார். மண்டியிட்டார். வெள்ளைக் கால்சட்டை முழுக்கச் சேறு. பிறகு அந்த ஒட்டடைக் கம்பு மனிதர் தலையில் கைவைத்துக்கொண்டு கத்திய கத்தலில் திடலில் வெளியே நின்ற எல்லா சிசெலும் விசிலடித்தன.

அங்கே மூன்று. மூன்றும் தனித்தனி வீடு. மொத்தம் இருபத்தொன்று.

கையெழுத்துப் போட்டார். பேனா எழுதவில்லை, குணசீலன் பேனா கொடுத்தார்.

ஏப்ரல் 29

இன்று ஜுஜானா முகத்தை எப்படிப் பார்ப்பது என்று போகவே கூசியது. அவர் பிளாஸ்க்கில் காப்பி கொண்டுவந்திருந்தார், இரண்டு கோப்பையோடு.

"என் அப்பா சின்னப் பையனா இருந்தப்போ சிசெல் வளையில தண்ணி ஊத்திப் பிடிப்பாராம். வாலை வெட்டிப் பள்ளிக்கூடத்துல கொண்டுபோய்க் குடுக்கணும். கோதுமையைத் தின்னுதுன்னு அப்போ அரசாங்க உத்தரவு. வகுப்பிலேயே அவர்தான் முதல். சாகிறவரைக்கும் அதைப் பெருமையாச் சொல்வார். நான் இந்த வேலைக்கு வந்தப்போ என்னோட பேசறதையே நிறுத்திட்டார்."

இரண்டு கோப்பையிலும் காப்பி ஊற்றினார்.

"எத்தனை வால்ன்னு சொன்னே?" என்றார்.

"நாற்பதாயிரம்."

"அப்பா தோத்தார்" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். காப்பி கொட்டியது.

மே 21

துறையிலிருந்து கடிதம். விடுப்பை முடித்துக்கொண்டு வருகிறேனா என்று கேட்டிருக்கிறார்கள். இன்னும் ஒரு வருடம் கேட்டு எழுதிவிட்டேன். குணசீலன், "காய் வாங்குற வேல பாக்கி இருக்குன்னு எழுதுனியா?" என்றார்.

ஜூன் 7

குட்டிகள் வெளியே வந்துவிட்டன! ஒரே வாயிலிருந்து ஆறு. ஒன்றன் முதுகில் ஒன்று ஏறி, விழுந்து, புல்லைக் கடித்துத் துப்பி, ஆட்டைப் பார்த்து மிரண்டு, மொத்தமாக உள்ளே போய், மறுபடி மொத்தமாக வெளியே. யோஜெஃப் ஆட்டை விட்டுவிட்டு இவர்களை மேய்த்துக்கொண்டிருந்தார். எண்ண முயன்றேன். நாற்பதுக்கு மேல் எண்ண முடியவில்லை, ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். சந்தோஷத்தில் நெஞ்சு வலிக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அடுத்த வாரம் ஹங்கேரியிலிருந்து ஒரு குழு வருகிறது. அடைத்து எண்ணும் முறையை அவர்கள் திடலிலும் செய்து பார்க்க வேண்டுமாம். "நீயே எழுதிக் குடு. சுருக்கமா, ஒரு தாள்ல" என்றார் ஜுஜானா.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினேன். கை தானாக ஓடியது. துறையில் விவசாயிகளுக்குக் கொடுக்கும் துண்டறிக்கை அப்படியே மனப்பாடம், எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேன்.

1. மாலையில் எல்லா வளைகளையும் மண்ணால் அடைக்கவும்.

2. மறுநாள் திறந்திருக்கும் வளைகளை எண்ணவும்.

3 என்று போட்டுப் புள்ளியும் வைத்துவிட்டேன். துண்டறிக்கையில் மூன்றாவது வரி, திறந்த வளைக்குள் மருந்தை வைத்து மீண்டும் அடைக்கவும் என்பது. பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூட அந்த வரியில் என் பேனா நின்றதில்லை. இன்று நின்றது. கண்ணில் நீர் வந்து எழுத்து மங்கியது. எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த குணசீலன், "வெங்காயத்த அந்தப் பக்கம் எடுத்துட்டுப் போவட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுதி முடித்தேன்.

3. தள்ளிப் போய் உட்காரவும். வெயில் ஏறட்டும். அவை வெளியே வரும்.